129 இலக்கமும் ஹார்டியின் ஐந்தொகையும்

இந்த வாரம் முதலில் ஓர் எண். படிக்க வேண்டாம், சும்மா பார்த்து வையுங்கள்.

1143816257 5788886766 9235779976 1466120102 1829672124 2362562561 8429357069 3524573389 7830597123 5639587050 5898907514 7599290026 879543541

மொத்தம் 129 இலக்கங்கள். படிக்க வசதியாக இடைவெளி விட்டிருக்கிறேன், மற்றபடி ஒரே எண்தான். பக்கம் வடிவமைக்கிற தம்பி இதில் ஒன்றை விட்டுவிட்டால் கட்டுரையே போச்சு என்பதால் மூன்று முறை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த எண் ஒரு சாட்சி. வழக்கு, 1940ல் வெளிவந்த ஒரு சின்னப் புத்தகத்தின் மேல். சாட்சி கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். புத்தகத்தை முதலில் பார்த்துவிடலாம்.

ஜி.எச். ஹார்டி எழுதிய 'ஏ மேத்தமேட்டிஷியன்ஸ் அபாலஜி'. பெயரைப் பார்த்துவிட்டு, கணக்கு வாத்தியார் ஒருவர் இத்தனை வருஷம் போட்ட முட்டைகளுக்கெல்லாம் நம்மிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஆசைப்படாதீர்கள். இங்கே அபாலஜி என்றால் பழைய கிரேக்க அர்த்தம்: தன் தரப்பு வாதம். 'வாழ்நாள் முழுக்க நான் செய்தது செய்யத் தகுந்த காரியம்தானா?' என்று ஒரு மனிதர் தன்னைத் தானே கூண்டில் ஏற்றி, தானே வக்கீலாக வாதாடி, தீர்ப்பையும் தானே எழுதிக்கொள்கிறார். முன்னுரையைக் கழித்துவிட்டால் நூறு பக்கத்துக்குள் அடங்கும். கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மதுரை ரயில் பயணத்தில் முடித்துவிடலாம்.

ஹார்டியை நமக்குத் தெரியும். மதராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913ல் அனுப்பிய கடிதத்தைக் குப்பைக் கூடையில் போடாமல் படித்தவர். நம் ஊரில் ஹார்டி பேச்சு பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடும் 1729 என்ற டாக்ஸி நம்பரோடும் நின்றுவிடுகிறது. அவர் தனக்காக எழுதிய புத்தகத்தைத் திறப்பவர்கள் கம்மி.

எழுதும்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முந்தைய வருஷம்தான் மாரடைப்பு. கணிதம் என்பது இளைஞர்களின் ஆட்டம் என்பது அவருடைய கட்சி. ஆகவே தான் அவுட்டாகிப் பெவிலியனுக்குத் திரும்பிவிட்டதாகவே நினைத்தார். (கிரிக்கெட் உவமைக்கு ஹார்டி கோபித்துக்கொள்ள மாட்டார். அசல் கிரிக்கெட் பைத்தியம். எதையாவது ஓஹோ என்று பாராட்ட வேண்டுமென்றால் பிராட்மன் ரகம் என்பாராம்.) அந்தத் தோல்வியின் கசப்பில் முதல் பக்கத்திலேயே என் போன்றவர்களுக்கு ஓர் அடி. விளக்குவது, விமர்சிப்பது, ரசிப்பது இதெல்லாம் இரண்டாந்தர மூளைக்காரர்களின் வேலையாம். வாராவாரம் அதைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார், நீங்கள் சொன்னதே ஒரு விமர்சனம்தானே?

முதலில் புத்தகத்தின் வரவுப் பக்கம். நல்ல கணிதம் எப்படி இருக்கும் என்று காட்ட ஹார்டி இரண்டே நிரூபணங்களை எடுத்துக்கொள்கிறார். ஒன்று, பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்கிற யூக்ளிடின் வாதம். உலகத்தில் 2, 3, 5 என்று மூன்றே பகா எண்கள்தான் என்று ஒருவன் சாதிக்கிறான். சரி தம்பி, மூன்றையும் பெருக்கி ஒன்று கூட்டு. 31. இதை 2 வகுக்காது, 3 வகுக்காது, 5 வகுக்காது, எப்போதும் மீதி ஒன்று நிற்கும். ஆக, உன் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கேயோ இருந்தே ஆக வேண்டும். பட்டியலில் கோடி எண்கள் இருந்தாலும் இதே வாதம்தான். ஹார்டி இதை ஒன்றரைப் பக்கத்தில் சொல்கிற அழகுக்கே புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம். பி.காம். படித்த எனக்குப் புரிகிறது, அப்புறம் என்ன?

அடுத்து, மட்டமான கணிதத்துக்கு உதாரணம் தருகிறார். இங்கேதான் எனக்கும் அவருக்கும் முதல் உரசல்.

நான்கு இலக்க எண்களில், திருப்பிப் போட்ட தன் உருவத்தின் மடங்காக இருப்பவை இரண்டே இரண்டு: 8712, 9801. முதலாவது 2178ஐப் போல நான்கு மடங்கு. இரண்டாவது 1089ஐப் போல ஒன்பது மடங்கு. பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்கு லாயக்கு, கணிதக்காரனுக்கு இதில் ஒன்றுமே இல்லை, இதைப் பொருட்படுத்தும்படியாக விரிவாக்கவும் முடியாது என்று ஒதுக்கிவிடுகிறார் ஹார்டி.

எனக்கு இந்த இடத்தில் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. படிப்பு முடித்துப் பத்திரிகைக்கு வருமுன் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சில மாதம் இருந்தேன். ஒரு நாள் ட்ரையல் பேலன்ஸ் இடிக்கிறது. 63 ரூபாய் வித்தியாசம். லெட்ஜரை முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். பக்கத்து மேஜைப் பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தம்பி, ஒன்பதால வகுபடுதா பாருங்க" என்றார். வகுபட்டது. "அப்ப எங்கயோ நம்பரைத் திருப்பிப் போட்டிருக்கீங்க." பத்து நிமிஷத்தில் அகப்பட்டது: 518க்குப் பதில் 581. இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். பெரியவருக்கு நிரூபணம் தெரியாது. ஆனால் அந்த ஆபீசில் எத்தனையோ ராத்திரிகளை அந்த ஒன்பதுதான் காப்பாற்றியிருக்கிறது.

8712, 9801 இரண்டும் அந்தக் குடும்பத்து எண்கள்தான். விரிவாக்க முடியாது என்றாரே, அதையும் உட்கார்ந்து பார்த்தேன். பத்துக்குப் பதில் எட்டு எட்டாக எண்ணும் ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 7601 என்ற எண், 1067ஐப் போல ஏழு மடங்கு. அதே கண்ணாடி வித்தை. எந்த அடிமானத்தில் எழுதினாலும் 9801க்கு ஒரு சகோதரன் உண்டு. இது பெரிய விஷயமா என்றால் இல்லை, எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும். 'பொருட்படுத்தும்படியாக' என்ற வார்த்தைக்குள் ஹார்டி ஒளிந்துகொள்வார். ஒளியட்டும்.

ஆனால் 9801 சும்மா விடவில்லை. ராமானுஜன் 1914ல் பிரசுரித்த, பையின் மதிப்பைக் கணக்கிடும் சூத்திரங்களில் மிகப் பிரபலமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் எட்டு இலக்கம் போலச் சரியாகிக்கொண்டே போகும். 1985ல் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பையை ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கம் வரை விரட்டியிருக்கிறார் பில் காஸ்பர். அந்தச் சூத்திரத்தின் வாசலிலேயே, பகுதியில், நிற்கிற எண் என்ன தெரியுமா? 9801. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அது அங்கே வந்தது 99ன் வர்க்கம் என்பதால், திருப்பிப் போடுகிற வித்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹார்டி ஒதுக்கியது எண்ணை அல்ல, அதன் ஒரு குணத்தை. இருந்தாலும், தன் கூட்டாளியின் வீட்டு வாசலில் நிற்கிற ஆளை அடையாளம் தெரியாமல் விரட்டிவிட்ட மாதிரி எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

1729ஐயும் முதலில் சப்பென்ற நம்பர் என்றவர் அவர்தானே. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் படுக்கையிலிருந்தே பதில் சொன்ன கதை எல்லோருக்கும் மனப்பாடம். அது அந்த நிமிஷத்து மின்னல் அல்ல என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்த ராமானுஜனின் காகிதங்களில், ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் ஃபெர்மாவின் தேற்றத்தை உரசிப் போகும் எண்களின் வரிசை இருக்கிறது. 9, 10 இவற்றின் கனங்களைக் கூட்டினால் 12ன் கனத்தைவிட ஒன்று அதிகம். 791, 812 இவற்றின் கனங்களைக் கூட்டினால் 1010ன் கனத்துக்கு ஒன்று குறைச்சல். இப்படி முடிவில்லாமல் செய்துகொண்டே போக ஒரு வழி. 1729 அதன் ஒரு துளி.

சரி, சாட்சியைக் கூப்பிடலாம்.

புத்தகத்தின் மையமான வாதம் இது: உண்மையான கணிதம், அதாவது ஃபெர்மா, ஆய்லர், காஸ் செய்த கணிதம், பெரும்பாலும் உபயோகமற்றது. உபயோகமில்லாததால் கெடுதலும் செய்யாது. எண் கோட்பாட்டையும் ரிலேட்டிவிட்டியையும் வைத்து யுத்தத்துக்கு உதவுகிற எதையும் யாரும் கண்டுபிடித்ததில்லை, இன்னும் பல வருஷங்களுக்குக் கண்டுபிடிக்கப் போவதாகவும் தெரியவில்லை. ஆகவே கணிதக்காரனின் கை சுத்தம்.

ஏன் அவருக்குக் கை சுத்தம் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரை எதிர்த்தவர் ஹார்டி. போருக்கு எதிராகப் பேசியதற்காக பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை டிரினிட்டி 1916ல் வேலையிலிருந்து நீக்கியபோது உள்ளே இருந்து குமுறியவர். அவருடைய உயிர்க் கூட்டாளி லிட்டில்வுட் அதே போரில் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்குப் போடப் போனார். அந்தக் கணிதத்தை அசிங்கம், சகிக்க முடியாத சலிப்பு என்று எழுதுகிறார் ஹார்டி. 1940ல் வெளியே மறுபடி குண்டு விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கங்களை எழுதும்போது அவருக்குத் தேவைப்பட்டது வாதமல்ல, ஓர் ஒதுங்குமிடம்.

ஐந்தே வருஷத்தில் ஹிரோஷிமா. அணுகுண்டு ஐன்ஸ்டைனின் சமன்பாட்டிலிருந்து நேராகச் செய்யப்பட்டதல்ல என்று பௌதிகக்காரர்கள் திருத்துவார்கள். சரி, அந்தக் கணக்கில் ஹார்டிக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடுவோம். எண் கோட்பாட்டில் கொடுக்க முடியவில்லை.

47ஐயும் 53ஐயும் பெருக்குங்கள். 2491, அரை நிமிஷ வேலை. இப்போது, விடையை மட்டும் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 2491 வரும் என்று எதிர்வீட்டுப் பையனைக் கேளுங்கள். திணறுவான். பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம். இந்த ஒரு வழிப் பாதையை வைத்து 1977ல் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் ஒரு பூட்டு செய்தார்கள். பெரிய எண்ணை ஊருக்கெல்லாம் சொல்லலாம், அதை வைத்து யாரும் பூட்டலாம். அதன் இரண்டு பகாக் காரணிகள் தெரிந்தவன்தான் திறக்க முடியும். பூட்டு வேலை செய்வதற்குக் காரணமான விதிகள் இரண்டு: ஃபெர்மா 1640ல் கண்ட ஒரு சின்னத் தேற்றம், ஆய்லர் பிறகு அதை விரித்தது. உபயோகமற்றவர்கள் என்று ஹார்டி பெயர் சொல்லிப் பெருமைப்பட்ட அதே ஆசாமிகள்! அந்தத் தேற்றங்கள், ஹார்டி ரைட்டுடன் சேர்ந்து 1938ல் எழுதிய பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன.

அந்த வருஷம் ஆகஸ்ட் மாத 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் (ஹார்டி இளப்பம் செய்த அதே ரகப் புதிர்ப் பகுதி) ஒரு ரகசியச் செய்தியைப் பூட்டி, மேலே நீங்கள் பார்த்த 129 இலக்க எண்ணை அச்சிட்டார். உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு. அன்றைய வழிகளில் உடைக்க நாற்பதாயிரம் லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பீடு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான்.

பதினேழு வருஷத்தில் உடைந்தது. 1994 ஏப்ரலில். அட்கின்ஸ், கிராஃப், லென்ஸ்ட்ரா, லேலண்ட் என்ற நால்வரின் ஏற்பாட்டில், சுமார் 600 தொண்டர்கள், 1,600 கம்ப்யூட்டர்கள், எட்டு மாதம். ஈமெயிலில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். காரணிகள் இவை:

3490529510 8476509491 4784961990 3898133417 7646384933 8784399082 0577

3276913299 3266709549 9619881908 3446141317 7642967992 9425397982 88533

பூட்டுக்குள் இருந்த செய்தி, மந்திரச் சொற்கள் 'ஸ்க்வீமிஷ் ஆசிஃப்ரேஜ்' என்பது. அதாவது, எலும்பை உடைத்துத் தின்னும் ஒரு கழுகு, அதுவும் அருவருப்புப் படுகிற கழுகு. அர்த்தமெல்லாம் கிடையாது. பரிசுப் பணத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ஆடிட்டர் ஆபீஸ் பெரியவரை நினைத்துக்கொண்டு ஒன்பது நீக்கிப் பார்த்தேன். 129 இலக்கத்தையும் கூட்டினால் 620. மறுபடி கூட்டினால் 8. முதல் காரணியின் கூட்டுத்தொகை 325, அது 10 ஆகி, 1 ஆகிறது. இரண்டாவது 341, அது 8. ஒன்றை எட்டால் பெருக்கினால் எட்டு. டேலி! (டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை, டேலி ஆகாவிட்டால்தான் தப்பு என்பது நிச்சயம். ஆடிட்டர்களுக்கு இது தெரியும்.) முழுசாகச் சரிபார்க்க வேண்டுமென்றால் 4,160 குட்டிப் பெருக்கல்கள். கோடு போட்ட நோட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். 1,600 கம்ப்யூட்டர்கள் எட்டு மாதம் முக்கித் தேடியதை, மாம்பலத்தில் ஒரு பி.காம். டிபன் நேரத்தில் ஓரளவு தணிக்கை செய்ய முடிகிறது. இந்த விசித்திரமான ஏற்றத்தாழ்வின் மேல்தான் உங்கள் பேங்க் வெப்சைட்டில் தெரிகிற பூட்டுப் படம் நெடுங்காலம் நின்றது. இன்றும் பல இடங்களில் நிற்கிறது. எண் மட்டும் வளர்ந்து 617 இலக்கமாகிவிட்டது. 2020ல் 250 இலக்கம் வரை உடைத்தாயிற்று.

இதில் யுத்தம் எங்கே வந்தது என்கிறீர்களா? அமெரிக்கச் சட்டப்படி, வலுவான சங்கேத மென்பொருள் 1996 வரை ராணுவத் தளவாடப் பட்டியலில் இருந்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் ஃபெர்மா. லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்தால் ஆயுதக் கடத்தல். இதைக் கிண்டல் செய்ய, அந்தப் பூட்டின் நிரலை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதைவிடப் பெரிய கூத்து 1997ல் வெளியானது. எம்.ஐ.டி. மூவருக்கு நான்கு வருஷம் முன்பே, 1973ல், இதே பூட்டைக் கிளிஃபர்ட் காக்ஸ் என்ற இளைஞர் செய்துவிட்டிருக்கிறார். எங்கே? பிரிட்டிஷ் அரசின் ஒட்டுக்கேட்கும் உளவு நிறுவனத்தில். 24 வருஷம் ராஜாங்க ரகசியம். எங்கே படித்தவர்? கேம்பிரிட்ஜ்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' தெரியும். இன்று கடன் இல்லை, நாளை கோர்ட் தீர்ப்பு வந்தால் கடனாகலாம். அதை ஐந்தொகையின் அடியில் குறிப்பாகவாவது போட்டாக வேண்டும். ஹார்டியின் ஐந்தொகையில் அந்தக் குறிப்பு இல்லை. 1940 வரை கெடுதல் இல்லை என்பது வரை கணக்கு சரி. அதிலிருந்து 'என் கை சுத்தம்' என்று மொத்தமாகக் கணக்கை முடித்ததுதான் தப்பு. உபயோகமே சொத்து என்கிறவர்களை அவர் பரிகசித்தார். உபயோகமின்மையைத் தானே ஒரு சொத்தாக வரவு வைத்ததைக் கவனிக்கவில்லை. அழகுக்காகச் செய்தேன் என்று அதோடு நிறுத்தியிருந்தால் இந்த 129 இலக்கம் அவரை ஒன்றும் செய்திருக்காது. அவரே 1908ல் ஒரு பத்திரிகைக்குப் போகிற போக்கில் எழுதிய கடிதம், ஹார்டி-வெயின்பர்க் விதியாக மரபியல் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உபயோகமாக எதையும் செய்ததில்லை என்று எழுதிய மனிதர்!

ஆனால் ஒன்றில் அவர் சொன்னதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன். நல்ல கணிதக் கருத்து ஓர் இடத்தில் நிற்காது, எங்கெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும் என்பார். 2491ஐ எதிர்வீட்டுப் பையன் எப்படி உடைக்கலாம்? 2491 என்பது 2500 கழித்தல் 9. அதாவது 50ன் வர்க்கம் கழித்தல் 3ன் வர்க்கம். கூட்டினால் 53, கழித்தால் 47. முடிந்தது. பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர். ஃபெர்மா கையாண்ட இந்த யோசனையின் கொள்ளுப்பேரன்தான், 1981ல் கார்ல் பொமரன்ஸ் உருவாக்கிய, 1994ல் 129 இலக்கத்தை உடைத்த முறை. 8712ன் கண்ணாடி வித்தைக்கு இப்படி வம்சம் இல்லை. ஹார்டியின் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது. அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

கடைசிப் பக்கங்களில், மனசு சோர்ந்து, படாடோபமான ஆசாமிகளின் பேச்சைக் கேட்க நேரும்போதெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதாக ஒன்றை எழுதுகிறார்: உங்களால் முடியாத ஒன்றை நான் செய்திருக்கிறேன், லிட்டில்வுட்டோடும் ராமானுஜனோடும் கிட்டத்தட்டச் சமமாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அத்தனை வாதாடிய மனிதரின் வரவுப் பக்கத்தில் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பெயர்கள். அதில் ஒன்று, போர்ட் டிரஸ்ட் அக்கவுன்ட்ஸ் குமாஸ்தா.

வாங்கினால், 1967ல் ஸி.பி. ஸ்னோவின் ஐம்பது பக்க முன்னுரையோடு வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். ஹார்டி தன் வழக்கைச் சொல்லி முடித்த பிறகு படியுங்கள். 1947ல் அவர் தூக்க மாத்திரைகளை விழுங்கியதும், அளவுக்கு மீறிப் போய் வாந்தியெடுத்துப் பிழைத்ததும் அதில் வருகிறது. அதற்கப்புறம் சில மாதம் இருந்தார். டிசம்பர் 1ஆம் தேதி காலமானார். கடைசி நாட்களில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியது கணிதம் அல்ல, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கிரிக்கெட்டின் சரித்திரம்.